பச்சை உடம்புக்காரியும் நம்ம குழுவும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒரு குழுவின் சார்பில் பேசியது)



இந்த மாதம் பேசவேண்டியது எங்கள் குழு முறை. கடன் திருப்புதல் பற்றியோ, தையல் பயிற்சி பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எங்கள் குழுவில் பதினாலு பேர். அதில் ஒரே வருஷத்தில் மூணு வீட்டில் பிள்ளை பிறந்தது. கூட்டம் கூடினால் வரவு செலவு பத்து நிமிஷம், பிள்ளை பேச்சு ஒரு மணி நேரம் என்று ஆகிப்போச்சு. சரி, அதையே இங்கேயும் பேசுவோம் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு. நம்ம எல்லாருக்கும் வட்டிக் கணக்கு நல்லா வரும், அதனால இதையும் போட்டுப் பாருங்கள். பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு எட்டு தடவையில் இருந்து பன்னிரண்டு தடவை வரைக்கும் பால் குடிக்கும். பத்து தடவை என்றே வைப்போம். ஒரு தடவைக்கு அரை மணி நேரம். குடிக்க வைத்து, தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் வந்த பிறகு படுக்கப்போட அவ்வளவு நேரம் ஆகும். ஆக அஞ்சு மணி நேரம். பீத்துணி, மூத்திரத்துணி அலசிக் காயப்போட ஒரு மணி நேரம். குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூங்கவைக்க ஒரு மணி நேரம். ஏழு மணி நேரம் பிள்ளைக்கே போயிருச்சு. இதற்கு மேலே மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பணும், குழாயில் தண்ணி விடுற நேரத்துக்குக் குடத்தோடு நிற்கணும், சோறு ஆக்கணும், ஆட்டுக்குத் தழை போடணும். இத்தனையும் ராத்திரி மூணு தடவை எழுந்திருச்ச உடம்போடு. அப்புறம் யாராவது வந்து, "வீட்ல சும்மாதானே இருக்கே, குழுக் கூட்டத்துக்கு வந்தா என்ன?" என்று கேட்பார்கள். பெண்களே கேட்பார்கள், அதுதான் வருத்தம்.

நம்ம பெரியவங்க இதைத் தெரியாமலா இருந்தார்கள்? பிள்ளை பெத்தவளுக்குப் "பச்சை உடம்புக்காரி" என்று பேர் வைத்ததே அவர்கள்தான். பச்சை மண்பானையை அடுப்பில் ஏற்ற மாட்டோம் அல்லவா, அந்த மாதிரி. வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவதும், பூண்டும் முருங்கைக்கீரையும் சுறாப்புட்டும் கருவாட்டுக் குழம்புமாகப் பத்தியம் போடுவதும், பிரசவ லேகியம் கிண்டி உருண்டை பிடித்துக் கொடுப்பதும் அந்த உடம்பு தேறத்தான். தீட்டு என்று சொல்லி அடுப்படிக்கு விடாமல் வைத்ததால்கூட சில வீட்டில் அவளுக்கு ஓய்வு கிடைத்தது. முஸ்லிம் சகோதரிகள் வீட்டில் நாற்பது நாள் கணக்கு இருக்கிறது. நாள் கணக்கு வேற வேற, எல்லா வீட்டிலும் அவளை உட்காரவைத்து ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் வழக்கத்தில் நல்லதும் கெட்டதும் அரிசியும் கல்லுமாகக் கலந்து கிடக்கு, புடைத்துத்தான் எடுக்கணும். தண்ணி குடித்தால் வயிறு பெருத்துப் போகும் என்று தண்ணி கொடுக்காமல் வைப்பது கல். பால் கொடுக்கிற உடம்புக்குத் தாகம் எடுக்கும், தாகத்துக்குத் தண்ணி கொடுக்கத்தான் வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடுவதும் கல். மஞ்சளாக வருகிற அந்த முதல் பாலில்தான் நோயை எதிர்க்கிற சத்து இருக்கிறது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கணும், ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம், தண்ணிகூட வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள்.

சேனை விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்லணும். எங்கள் ஊரில் அது பெரிய சண்டை. யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. தேனையோ சர்க்கரைத் தண்ணியையோ தொட்டு நாக்கில் வைப்பார்கள். ஒரு வயசுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னப் பிள்ளையின் நரம்பைப் பாதித்து, பால் குடிக்கவும் மூச்சு விடவும் முடியாமல் செய்துவிடும். இதை ஆஸ்பத்திரியில் வைத்து ஒரு பாட்டியிடம் சொன்னபோது அந்தம்மா அழுதுவிட்டார்கள். "எம் பேத்திக்கு நான் எதுவுமே பண்ணக் கூடாதா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கு. எங்கள் குழு அக்கா ஒருத்தர்தான் வழி சொன்னார்: "அத்தே, நீங்க மொதல்ல மடியில வாங்கி, நெத்தியில முத்தம் குடுத்து, உங்க வாயால வாழ்த்துங்க. அப்புறம் பெத்தவ பால் குடுக்கட்டும். உங்க மடிதான் சேனை." பாட்டிக்கும் திருப்தி, பிள்ளைக்கும் கேடு இல்லை. இப்போது எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் அப்படித்தான் செய்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்களிடம் "மூடநம்பிக்கை" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னால் யாரும் கேட்பதில்லை, நாங்கள் பார்த்தவரைக்கும்.

அடுத்தது சாமி பற்றி. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் நாம் எல்லாரும் முதலில் கும்பிடுவது சாமியைத்தான். குலதெய்வத்துக்கு முடி இறக்க நேர்ந்துகொள்கிறோம். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் விளக்கெண்ணெய் வாங்கி வந்து வயிற்றில் தடவிக்கொள்கிறோம். வேளாங்கண்ணி மாதாவுக்கும் நாகூர் ஆண்டவருக்கும் நம்மில் எத்தனையோ பேர் நேர்த்தி வைக்கிறோம், மதம் பார்ப்பதில்லை. இது நல்ல பழக்கம். பெத்தவள் உயிர் பிழைத்து எழுந்தாள் என்பது சின்ன விஷயமா? நம்ம பாட்டி காலத்தில் பிரசவம் என்றால் மறுபிறவி.

திருச்சி மலைக்கோட்டைக்குப் போனவர்களுக்குத் தாயுமானவர் கதை தெரியும். செட்டி வீட்டுப் பெண்ணுக்குப் பேறுகாலம். உதவிக்குப் பூம்புகாரில் இருந்து அம்மா கிளம்பி வருகிறாள். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. சிவபெருமானே அந்த அம்மா மாதிரி உருவம் எடுத்து வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. தாயும் ஆனவர் என்பதால் தாயுமானவர். சுகப்பிரசவம் ஆகணும் என்று இன்றைக்கும் அங்கே வாழைத்தார் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

இந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்த இடம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. பிள்ளை பிறந்ததும் சாமி வரம் கொடுத்துவிட்டு மறைந்து போகவில்லை. வெள்ளம் வடிந்து பெத்த அம்மா வந்து சேரும் வரைக்கும் அங்கேயே இருந்தார். அப்படியென்றால் அத்தனை நாளும் அந்த வீட்டில் வெந்நீர் போட்டது யார்? பத்தியச் சோறு ஆக்கியது யார்? துணி அலசியது யார்? அவர்தானே! உலகத்தைக் காக்கிற சாமி ஒரு பிள்ளைத்தாச்சி வீட்டில் பீத்துணி அலசினார் என்று நம்ம ஊர்க் கதை சொல்கிறது. வீட்டு ஆம்பளைகளிடம் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒரு அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "சாமியே செஞ்சிருக்காரு, நான் செஞ்சா என்ன கொறைஞ்சா போயிரும்?" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்குப் போனார். தெருவே வேடிக்கை பார்த்தது. இரண்டு நாளில் வேடிக்கை பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள்.

காவிரி வெள்ளம் இன்றைக்கும் இருக்கு சகோதரிகளே, வேற வேற பேரில். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி. பேர் வேண்டாம். அவளுக்கு அம்மா இல்லை. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, மாசம் ஒருதரம் வருவார். மாமியார் விடிந்தால் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போய்விடுவார். முதலில் ஒரு பெண் பிள்ளை, இப்போது இரண்டாவதும் பெண். பிள்ளை பிறந்து ஒன்றரை மாசம் ஆகியும் அவள் குழுவுக்கு வரவில்லை, இரண்டு தவணையும் வரவில்லை. விதிப்படி அபராதம் போடணும் என்று ஒரு பேச்சு வந்தது. அபராதம் எழுதுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேர் போனார்கள்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. அவள் காலையில் இருந்து சாப்பிடவில்லை. பிள்ளை அழுகிறது, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னம்மா என்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன். சாமி புண்ணியத்துல பிள்ளை நல்லா இருக்கு. கொறை சொன்னா தெய்வக் குத்தம்" என்கிறாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணி நிற்காமல் ஊத்துது.

இதைப் பற்றித்தான் எங்கள் குழுவில் ரொம்ப நாள் பேசினோம். பிள்ளை வரம் கேட்டோம், கிடைத்தது, இனிமேல் வலிக்கிறது என்று சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவோம் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவளாக நினைக்கவில்லை, சுத்தி உள்ளவர்கள் சொல்லிச் சொல்லி நினைக்க வைத்திருக்கிறார்கள். "பிள்ளை இல்லாதவங்களப் பாரு, ஒனக்கென்ன?" என்று சொன்னது அவள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கு. நன்றி என்பது வாயைக் கட்டுகிற கயிறா? சாமிக்கு நன்றி சொல்கிற வாயாலேயே "எனக்குத் தூக்கம் இல்லை, பயமா இருக்கு" என்றும் சொல்லலாம். கோயிலில் நின்று நாம் எல்லாரும் இரண்டையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்? அழுதுகொண்டேதானே கும்பிடுகிறோம்? சாமி கோவித்துக்கொண்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கிராம சுகாதார செவிலியரை அன்றைக்கே கூட்டி வந்தோம். அவர் சொன்ன விவரத்தை எல்லாரும் மனசில் வாங்கிக்கொள்ளணும். பிரசவம் ஆன முதல் சில நாள் காரணம் இல்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, தானாகவே சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு, தூக்கமின்மை, பிள்ளை மேலே ஒட்டுதல் இல்லாமை, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு இருந்தால் அது நோய். காத்துக் கருப்பு இல்லை, திமிரும் இல்லை. டாக்டரைப் பார்த்தால் குணமாகும். பால் கொடுக்கிற தாய்க்கு ஏற்ற மருந்து இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசனை கேட்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். அதிக ரத்தப்போக்கு, காய்ச்சல், நாற்றமான வெள்ளை, தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, மார்பில் கட்டி, வலி, இதில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது, 108-ஐக் கூப்பிடணும்.

அந்தத் தங்கச்சியின் மாமியாரிடம் பேசப் போனபோது சண்டைக்குத் தயாராகத்தான் போனோம். அந்த அம்மா சொன்னது: "நான் ஆறு பெத்தேன். பதினோராம் நாள் நடவுக்குப் போனேன். வரப்புல தொட்டி கட்டிப் போட்டுட்டு நட்டேன். என்னய யாரு பாத்தா?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்கும் சேத்துத்தான் இப்ப பாக்க வந்திருக்கோம் பெரியம்மா" என்றார். அந்த அம்மா வெகுநேரம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மறுநாளில் இருந்து காலைக் கஞ்சியை மருமகளுக்கு ஊத்தி வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினார்.

எங்கள் குழு செய்தது பெரிய காரியம் இல்லை. பதிமூணு பேர் முறை போட்டுக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஒருத்தர், மத்தியானச் சோறும் குழம்பும் கொண்டுபோய், அவள் சாப்பிட்டுக் குளித்து ஒரு மணி நேரம் தூங்கும் வரைக்கும் பிள்ளையை வைத்திருக்கணும். அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் ஒருத்தருக்கு முறை வரும். சேமிப்பை வீட்டுக்குப் போய் வாங்கிப் பாஸ்புக்கில் பதிந்து கொடுத்தோம். தவணையை மூணு மாசம் தள்ளிவைத்தோம். ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை கூடப் போய் வந்தோம். பிள்ளைக்கு இப்போது எட்டு மாசம் ஆகுது. தள்ளிவைத்த தவணையில் பாதியைக் கட்டிவிட்டாள்.

பணம் பற்றி இரண்டு வார்த்தை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை 2018-ல் 18,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதில் 14,000 ரொக்கம், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. (1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து டாக்டருக்குப் படித்து, 1927-ல் சென்னை சட்டமன்றத்துக்குள் முதல் பெண்ணாகப் போனவர் அந்த அம்மா. பேர் மட்டும் தெரிந்து ஆளைத் தெரியாமல் இருக்கக்கூடாது.) கர்ப்பமான உடனே செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்கிவிடணும், பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்தான் கேட்பார்கள். வங்கிக் கணக்கு உங்கள் பேரில் இருக்கட்டும். அந்தப் பணம் பெத்தவள் வாய்க்கு முட்டையும் பாலும் வாங்கத்தான், வீட்டுக் கூரைக்கு ஓடு வாங்க இல்லை. பெட்டகத்தில் வருகிற சத்துமாவை வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுக் குடிப்பதும் நடக்கிறது, தெரியாமல் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாசம், அதாவது 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை போடணும். பெரும்பாலும் மாத்திரை அலமாரியில் பல்லிக்குத் துணையாகக் கிடக்கு.

பெண் பிள்ளை என்றால் நன்றி பாதியாகக் குறைந்துவிடுகிற வீடு இன்னும் இருக்கு. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிக்க வேண்டிவந்தது எதனால் என்று நம் வயசுக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கொடுமை குறைந்திருக்கலாம், ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் "என்ன பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் வாங்கி வந்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவர்களை நாங்கள் பார்த்தோம். அதனால் எங்கள் குழு சார்பில் மூணு பிள்ளைக்கும் ஒரே மாதிரி செய்தோம். ஒரு பழைய நூல் சேலை தொட்டிலுக்கு, நாலு பருத்தித் துணி, தெரு முழுக்க மிட்டாய்.

காது குத்துக் கடன் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோவம் வரும். வந்தாலும் பரவாயில்லை. குலதெய்வம் கோயிலில் முடி இறக்கி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது நமக்கு நேர்த்தி. அதற்கு ஃபிளெக்ஸ் பேனரும், மண்டபமும், ஐந்நூறு பேருக்குக் கறிச் சோறும் எந்தச் சாமி கேட்டது? தாய்மாமன் தலையில் சீர் வைக்கக் கடன், பெத்தவன் தலையில் விருந்துக்குக் கடன். குழுவில் வாங்கினால் வட்டி குறைவு என்று நம்மிடமே வருகிறார்கள். எங்கள் குழுவில் ஒரு முடிவு: காது குத்துக்கு ஐயாயிரத்துக்கு மேலே உள்கடன் இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே, கூட்டம் கூடாமலே, பிரதிநிதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

பேச்சை முடிப்பதற்கு முன்னால் நன்றி சொல்லவேண்டியவர்கள் இருக்கிறார்கள். சாமிக்கு வைத்த பொங்கல் சாமிக்கு. ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வார்டில் ரத்தம் துடைத்த துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கு, மழையில் வண்டி ஓட்டி வந்த 108 தம்பிக்கு, வெயிலில் வீடு வீடாக வந்து பிள்ளையை எடை போடுகிற செவிலியருக்கு, மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அங்கன்வாடி டீச்சருக்கு, அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேரைக் கையில் ஏந்திய மருத்துவச்சிப் பாட்டிக்கு, நாங்கள் போய் ஆளுக்கு ஒரு துண்டு போர்த்திவிட்டு வந்தோம். துப்புரவு அக்கா, "எனக்கா? தப்பா வந்துட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கூட்டமைப்புக்கு எங்கள் குழுவின் கோரிக்கை மூன்று. பிள்ளை பெத்த உறுப்பினருக்கு ஆறு மாசம் வரைக்கும் கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் கூடாது என்று எல்லாக் குழுவுக்கும் பொது விதி வேண்டும். பஸ் ஸ்டாண்டுகளில் 2015-ல் திறந்த பாலூட்டும் அறைகளில் சில இடத்தில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்திருக்கிறோம், நம்ம ஊர்ப் பக்கத்தில் அப்படி இருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கூட்டமைப்பு எழுதிக் கேட்கவேண்டும். மூணாவது, இந்த மண்டபத்தில் தொட்டில் கட்ட இரண்டு கொக்கி. இன்றைக்கு இரண்டு பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் படுத்திருக்கின்றன. கொக்கிக்கான செலவை எங்கள் குழு தருகிறது, அடிக்க ஆள் மட்டும் சொல்லுங்கள்.